வடிகுழாய்

மாசி இருபத்தெட்டு.
பழவேற்காட்டு ஏரியிலிருந்து வரும் காற்று
இன்று காலை முதல் தடவையாக
ஈரக் கையைத் தோளில் வைத்தது.

மஸ்தானய்யாவுக்கு மூன்றாம் முறை போன் செய்தேன்.
"ரேப்பு வஸ்தானம்மா" என்றார்.
அவருடைய நாளை தடாவிலேயே நின்றுவிடுகிறது,
செக்போஸ்ட் தாண்டி
ஆரம்பாக்கத்துக்கு வருவதில்லை.

கம்பெனியில் ராத்திரி ஷிப்டு எனக்கு.
முன்னூற்று இருபது ஏசிகளுக்கு
வடிகுழாய் மாட்டுகிறேன்.
இடது கையில் குழாய், வலது கையில் கிளிப்,
ஒரு அழுத்து.
எனக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன,
ஓடுகிற பெல்ட்டுக்குத்தான் தெரியும்.
முழுசாக ஒரு ஏசியை
இதுவரை நான் திறந்து பார்த்ததில்லை.

பகலில் தூங்குகிறவளுக்கு
வெயில் என்பது பக்கத்து வீட்டுச் சண்டை.
தவணை இன்னும் பதினொன்று பாக்கி.
ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

மூடியைத் தூக்கினால்
போன வருஷம் அங்கேயே இருக்கிறது:
வலை முழுக்கச் சாம்பல் கம்பளி,
தாளித்த எண்ணெயின் பிசுக்கு,
வேலையை விட்டு நாயுடுபேட்டைக்குப் போய்விட்ட
ஹேமாவதியின் நீள முடி நான்கு.
குழாயடியில் வலையைத் திருப்பிப் பிடித்து
முதுகுப் பக்கம் தண்ணீர் விட்டேன்.
முன்பக்கம் விட்டால் தூசி உள்ளே இறுகும்.
இதை யாரும் சொல்லித் தரவில்லை,
பழைய வலையைக் கிழித்துக் கற்றது.

நிழலில் அது காய்வதற்குள்
பழைய பல் பிரஷால் தகடுகளை வருடினேன்,
மேலிருந்து கீழாக, குறுக்கே போகாமல்.
மீன் செவுளைத் தொடுகிற மாதிரி இருந்தது.

பிறகு குழாய்.
சுவருக்கு வெளியே தொங்கும் நுனியில்
ஒரு குளவி மண் பூசி
குடியிருந்து காலி செய்திருக்கிறது.
தினம் மாட்டுகிற கை
முதன்முதலாக ஒன்றைக் கழற்றியது.
கம்பி விட்டேன், அசையவில்லை.
வாய் வைத்து ஊதினேன்.
மண்.
பிறகு உப்பு.
பிறகு, அந்தப் பக்கத்துக் காற்று.

"வந்துடுச்சாம்மா?"
கீழேயிருந்து முனிரத்தினம்.
இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில்
மஞ்சள் குடம் தயாராக நிற்கிறது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால்
வெள்ளைச் சட்டையில் சொட்டுகிறது என்று
போலீஸ் வரைக்கும் போவேன் என்றவர்.
கரியை விட்டு ஸ்டீம் பெட்டி வாங்கின பிறகுதான்
அதன் வாயெல்லாம் உப்புப் பூத்தது.
இங்கே எந்த போர் போட்டாலும் கடல்தான் வரும்.
உப்பில்லாத தண்ணீர் என் ஜன்னலில் சொட்டுகிறது என்று
யார் சொன்னார்களோ அவருக்கு.
அன்றிலிருந்து குடம்.
கத்திரியில் சில நாள் நிரம்பி வழியும்.
ஏரி, தன் உப்பை ஏரியிலேயே வைத்துவிட்டு
ஆவியாய் என் அறைக்குள் நுழைந்து
அவர் குடத்தில் இறங்குகிறது.
அதற்கு மின்கட்டணம் கட்டுகிறவள் நான்
என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

வெளிப்பெட்டியின் அனல்
அவர் பிடரியில்தான் விழுகிறது
என்று அவரும் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன்.
ஒரு திருகாணி மிச்சம்.
எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை,
மஸ்தானய்யாவுக்காக டம்ளரில் போட்டு வைத்தேன்.

ஸ்விட்ச்.
முதலில் ஈரத்துணி வாசனை,
அப்புறம் ஒன்றுமில்லாத வாசனை.
கால் மணி நேரம் கழித்து
குடத்தின் அடியில் ஒரு சொட்டு.
எட்டிப் பார்த்தேன்.
முனிரத்தினம் மேசையை
ஒரு முழம் நகர்த்திப் போடுகிறார்
அனலிலிருந்து, வெயிலுக்கு.

ரிமோட்டில்
இருபத்திநாலை இருபத்தியெட்டாக்கினேன்.
அவருக்குச் சூடு கொஞ்சம் குறையும்.
தண்ணீரும் குறையும்.
இதில் உங்களுக்கு எது வேண்டும் என்று
இறங்கிப் போய்க் கேட்கத்தான் நினைத்தேன்.
ராத்திரி பூரா நின்ற கால்.
படுத்துவிட்டேன்.